பறிகொடுத்தவரை ஏசுவதை நிறுத்துங்கள்

பணத்தைப் பற்றி எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் மோசடிக்காரர்களிடம் பெருந்தொகையைப் பறிகொடுத்தார். அதை மூடி மறைக்காமல், தன் சொந்தப் பெயரிலேயே, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி வெளியிட்டார். அதற்கு அவர் பெற்றது வசை. திருடியவர்கள் யார், அவர்களைப் பிடிப்பது எப்படி என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர். எழுதியவரின் அறிவையும் வேலையையும் நேர்மையையும் கூண்டிலேற்றியவர்களோ பெருங்கூட்டம். இந்தப் போக்கை வன்மையாகக் கண்டிக்கிறோம். எங்கோ அமெரிக்காவில் நடந்ததற்கு நமக்கென்ன என்று ஒதுக்க முடியாது. அதே கதை இன்று சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் நடக்கிறது, அதே ஏச்சு இங்கும் கேட்கிறது.

அவர் சார்லட் கௌல்ஸ். நியூயார்க் இதழின் 'தி கட்' பகுதியில் தனிநபர் நிதி ஆலோசனைப் பத்தி எழுதிவந்தவர். சம்பளம், சேமிப்பு, கடன், குடும்பச் செலவு என்று வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை தேடித் தருவது அவர் வேலை. 2024 பிப்ரவரி 15 அன்று அவர் எழுதிய நீண்ட கட்டுரை வெளியானது. முந்தைய ஆண்டு அக்டோபர் 31 அன்று 50,000 டாலரை, அன்றைய மதிப்பில் சுமார் 41 லட்சம் ரூபாயை, ஒரு செருப்புப் பெட்டிக்குள் வைத்து முன்பின் தெரியாத ஒருவரின் காரில் தானே கொண்டுபோய் வைத்ததை அதில் விவரித்திருந்தார்.

இந்த ஒற்றை வரியைக் கேட்டால் யாருக்கும் 'இவ்வளவு அப்பாவியா!' என்றுதான் தோன்றும். வசைபாடியவர்களில் பலர் அந்த வரியைத் தாண்டிப் படித்ததாகத் தெரியவில்லை. அன்று நடந்ததை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் அழைப்பு அமேசான் வாடிக்கையாளர் சேவை என்று வந்தது. உங்கள் பெயரில் யாரோ ஆயிரக்கணக்கான டாலருக்குக் கணினிகள் வாங்கியிருக்கிறார்கள், அடையாளத் திருட்டாக இருக்கலாம் என்று ஒரு பெண் கனிவாகப் பேசினார். வர்த்தக மோசடிகளைக் கவனிக்கும் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் அதிகாரியோடு இணைக்கிறேன் என்றார். இரண்டாவது ஆள், கௌல்ஸின் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைச் சொன்னார். உங்கள் பெயரில் 22 வங்கிக் கணக்குகள் இருக்கின்றன, வாகனங்கள், வீடுகள் இருக்கின்றன, உங்கள் பெயரில் வாடகைக்கு எடுத்த கார் ஒன்று டெக்சஸ் எல்லையில் ரத்தக்கறையோடும் போதைப்பொருளோடும் கிடந்தது, கைது ஆணை பிறந்துவிட்டது என்று அடுக்கினார். அடுத்து வந்தவர் தன்னை சி.ஐ.ஏ. அதிகாரி என்று சொல்லிக்கொண்டார். தொலைபேசித் திரையில் ஆணையத்தின் எண்ணே தெரியும்படி செய்திருந்தார்கள். கணவரிடம் சொல்லக்கூடாது, வழக்கறிஞரிடம் பேசினால் ஒத்துழைக்கவில்லை என்று பொருள், உங்கள் வீடு கண்காணிப்பில் இருக்கிறது என்றார்கள். இரண்டு வயது மகனின் பாதுகாப்பைச் சொல்லி அச்சமூட்டினார்கள். பல மணி நேரம் அவரைத் தொலைபேசியை வைக்கவிடவில்லை. உங்கள் கணக்குகளை முடக்கப்போகிறோம், அதற்குள் செலவுக்கு வேண்டிய பணத்தை எடுத்து எங்களிடம் கொடுங்கள், அரசுக் காசோலையாகத் திருப்பித் தருவோம் என்றார்கள். அவர் வங்கிக்குப் போனார், எடுத்தார், கொடுத்தார்.

இதில் பேராசை எங்கே இருக்கிறது? ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் தருகிறோம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. பயமும் தனிமையும்தான் கருவிகள். பயந்த மனிதரை மற்றவர்களிடமிருந்து பிரித்து, யோசிக்க நேரம் தராமல், அடுத்தடுத்துக் கட்டளையிட்டால் என்ன நடக்கும் என்பது காவல் விசாரணைகளின் வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களே உண்டு. இங்கே போனது பணம்.

ஏசியவர்கள் சொன்னவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். ஊருக்கு உபதேசம் செய்பவருக்குத் தன் வீட்டைக் காக்கத் தெரியவில்லை, இவர் இனி எழுதக்கூடாது என்பது முதலாவது. 50,000 டாலரை ஒரே நாளில் ரொக்கமாக எடுக்க முடிகிற வசதிக்காரருக்கு அனுதாபம் எதற்கு என்பது இரண்டாவது. இது முழுக்கப் பொய், பரபரப்புக்காகப் புனைந்தது என்பது மூன்றாவது.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுவோம். இந்தியாவில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற பெயரில் நடக்கும் கொள்ளையைப் பற்றி ஒரு செய்தியாவது படித்தவருக்கு அந்தக் கட்டுரையில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. அங்கே அமேசான் என்றால் இங்கே கூரியர் நிறுவனம் அல்லது தொலைத்தொடர்பு ஆணையம். அங்கே சி.ஐ.ஏ. என்றால் இங்கே சி.பி.ஐ., மும்பை காவல் துறை, அமலாக்கத் துறை. உங்கள் பெயரில் பார்சல், அதில் போதைப்பொருள், உங்கள் ஆதாரில் கள்ளக் கணக்கு, யாரிடமும் பேசாதே, கேமராவை அணைக்காதே, பணத்தை 'சரிபார்ப்புக்கு' அனுப்பு. நாடும் பெயர்களும்தான் மாறுகின்றன. நடந்ததைப் பொய் என்று சொன்னவர்கள் ஓர் உலகளாவிய குற்றத்தின் செயல்முறையை அறியாதவர்கள். அறியாமையை ஆணவத்தோடு வெளிப்படுத்தியது அவர்கள் செய்த தவறு.

வசதியைப் பற்றிய எரிச்சலுக்கு ஒரு நியாயம் உண்டு. மாதக் கடைசியில் வாடகைக்குத் திண்டாடுபவருக்கு, சேமிப்புக் கணக்கிலிருந்து இத்தனை பணம் எடுத்தவரின் கதை எட்டாத உலகமாகத்தான் தெரியும். ஆனால் வசதியானவரிடம் திருடினால் அது குற்றமில்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மேலும், எழுத்தை நம்பி வாழ்பவருக்கு அந்தத் தொகை எந்தப் பாதுகாப்பைத் தந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். எழுத்துத் தொழிலில் வருமானம் சீராக இருப்பதில்லை. கட்டுரை வெளியாகி வாரங்கள், சில நேரம் மாதங்கள் கழித்தே பணம் வரும். இதழ் மூடினால் பத்தி போகும். இத்தொழிலில் இருப்பவர்கள் சேமிப்பைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்திருப்பது ஆடம்பரத்துக்காக அல்ல.

முதலாவது குற்றச்சாட்டுதான் கனமானது. நிதி எழுத்தாளர் ஏமாறலாமா? வாசகர் கேட்கத் தகுந்த கேள்வி. அதற்கு நேரான பதிலும் உண்டு. வட்டி எப்படிக் கூடுகிறது, எந்தக் கடனை முதலில் அடைப்பது, ஓய்வுக்கால நிதிக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதை அறிந்த அறிவு வேறு. குழந்தைக்கு ஆபத்து என்று ஒருவன் சொல்லும்போது நிதானம் இழக்காமல் இருப்பது வேறு. பூட்டு விற்பவர் வீட்டில் திருடன் புகுந்தால் அவர் விற்ற பூட்டெல்லாம் போலி என்று ஆகிவிடாது. அவர் எழுதிய நிதி ஆலோசனையில் பிழை இருந்தால் அதைச் சுட்டுங்கள். வாசகரின் பணத்தை அவர் தவறான முதலீட்டில் தள்ளினார் என்று காட்டுங்கள். அப்படி எதையும் காட்டாமல், அவர் பாதிக்கப்பட்டார் என்பதையே அவருக்கு எதிரான சாட்சியாக்கி வேலையை விட்டு விரட்டச் சொல்வது அநீதி.

இன்னொன்றும் உண்டு. இவர் எழுதாமல் இருந்திருக்கலாம். கணவருக்கும் காவல் துறைக்கும் சொல்லிவிட்டு, வாசகர் முன் பழையபடி சேமிப்பைப் பற்றி எழுதிக்கொண்டே போயிருக்கலாம். அவர் பெயர் கெட்டிருக்காது, பத்தி கேள்விக்குள்ளாகியிருக்காது. ஆனால் தன் தொழில்பெயரையே பணயம் வைத்து, குற்றவாளிகள் பேசிய முறையைக் கட்டம் கட்டமாக வெளியிட்டார். ஒரு நிதி எழுத்தாளர் வாசகருக்குச் செய்யக்கூடிய மிக உயர்ந்த பணிகளில் ஒன்று அது. அவர் எழுதுவதற்குச் சில நாள்கள் முன்பு, அதே மாதத்தில், மோசடிகளைப் பற்றி நாவல்கள் எழுதிய கோரி டாக்டரோவும் வங்கியின் பெயரில் வந்த அழைப்பில் தான் ஏமாந்ததை வெளிப்படையாக எழுதினார். விவரம் தெரிந்தவர்கள் இப்படி முன்வந்து பேசும்போது நாம் கல்லெறிந்தால், அடுத்தவர் வாய் திறப்பாரா?

வாய் திறக்க மாட்டார். அங்கேதான் இந்த ஏச்சு வெறும் பண்பாட்டுக் குறையாக இல்லாமல் பணத்தைப் பறிக்கும் குற்றத்துக்குத் துணைபோகிறது. இணைய மோசடியில் பறிபோன பணம் மீள்வதும் மீளாததும் புகார் எவ்வளவு விரைவாக வருகிறது என்பதைப் பொறுத்தது. பணம் முதல் கணக்கில் விழுகிறது. அங்கிருந்து பத்து, இருபது கணக்குகளுக்குப் பிரிகிறது. பிறகு ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ வெளியேறுகிறது. முதல் கட்டத்திலேயே தகவல் கிடைத்தால் வங்கிகள் நிறுத்திவைக்க முடியும். இப்போது 1930 என்ற எண்ணில் இயங்கும் உதவிச் சேவை 2021இல் தொடங்கப்பட்டதே இதற்காக. ஆனால் பறிகொடுத்தவர் அன்று இரவு முழுவதும் யோசிப்பது 'பிள்ளைகள் என்ன சொல்வார்கள், அக்கம்பக்கம் என்ன பேசும்' என்பதைத்தான். நாம் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் அந்த இரவை நீட்டிக்கிறது. திருடனுக்கு வேண்டியது அந்த அவகாசம்தான்.

லூதியானாவின் வர்த்மான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்ம பூஷண் பெற்றவர், எண்பது வயது கடந்தவர், வாழ்நாள் முழுக்கத் தொழில் நடத்தியவர். 2024 ஆகஸ்டில் அவரை வீடியோ அழைப்பிலேயே அடைத்து வைத்து, போலி உச்ச நீதிமன்ற விசாரணை ஒன்றை நடத்தி, தலைமை நீதிபதியாக ஒருவரை நடிக்கவைத்து, 7 கோடி ரூபாய் பறித்தார்கள். அவர் வெட்கப்பட்டு ஒளியவில்லை. சில நாள்களிலேயே காவல் துறைக்குப் போனார். 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது. விரைந்து சொன்னதால் மீண்ட பணம் அது. அதே துணிச்சல் மயிலாப்பூரில் தனியாக வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும் வர வேண்டுமானால், சொன்னால் அவமானம் வராது என்ற உறுதியை நாம்தான் தர வேண்டும்.

இழப்பின் அளவும் சிரிப்புக்கு இடம் தருவதாக இல்லை. இணைய மோசடிகளில் 2024ஆம் ஆண்டில் மட்டும் இந்தியர்கள் 22,845 கோடி ரூபாய் இழந்ததாக ஒன்றிய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அமெரிக்காவில் 2023இல் மோசடிகளால் இழந்ததாக மக்கள் புகாரளித்த தொகை 1,000 கோடி டாலரைத் தாண்டியது. அங்கே இளைஞர்களே முதியவர்களைவிட அடிக்கடி பணம் இழந்ததாகச் சொல்கிறார்கள், முதியவர்கள் இழக்கும்போது தொகை பெரிதாக இருக்கிறது. முட்டாள்கள்தான் ஏமாறுவார்கள் என்றால் இத்தனை கோடியை இழக்கும் அளவுக்கு முட்டாள்கள் எந்த நாட்டிலும் இல்லை.

எதிர்முனையில் பேசுபவனும் தெருவோரப் பிக்பாக்கெட் அல்ல. தென்கிழக்கு ஆசியாவில் சுற்றுச்சுவரும் காவலும் கொண்ட வளாகங்களில் இது ஆலைத் தொழிலாக நடக்கிறது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் மோசடி வேலைக்குக் கட்டாயப்படுத்தி வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் கணக்கிட்டது. வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவாடியில் சிக்கிய தமிழக இளைஞர்கள் 2022இல் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். அந்த வளாகங்களில் இருப்பவர்களுக்கு, என்ன பேச வேண்டும், எங்கே குரலை உயர்த்த வேண்டும், எப்போது கனிவு காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, அடித்து, பழக்குகிறார்கள். அந்த ஆலைக்கு எதிராக ஒரு தனிமனிதர் சமையலறையில் கைபேசியோடு நிற்கிறார். தோற்றால் குற்றம் அவருடையதா?

இங்கே நம் தமிழ்ச் செய்தித்தாள்களையும் தொலைக்காட்சிகளையும் கடிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. 'பலே கில்லாடி', 'நூதன முறையில் அபேஸ்', 'படித்தவரே ஏமாந்த பரிதாபம்' என்ற தலைப்புகள் எத்தனை ஆண்டுகளாக ஓடுகின்றன! குற்றவாளிக்குக் கில்லாடிப் பட்டம், பாதிக்கப்பட்டவருக்குப் பரிதாபப் பட்டம். சில செய்திகளில் அவருடைய வயது, தெரு, முன்னாள் பதவி, பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பது வரை அச்சாகிறது. அடுத்த திருடனுக்கு முகவரியை நாமே எடுத்துக் கொடுப்பது போலத்தான் இது. அழைத்தவன் முதலில் என்ன சொன்னான், எந்தத் துறையின் பெயரைச் சொன்னான், பணம் எத்தனை கணக்குகளுக்குப் போனது, அந்தக் கணக்குகளைத் திறந்து கொடுத்தது எந்த வங்கி என்பவை மட்டும் காணோம். வாசகரைக் காப்பாற்றக்கூடிய செய்தி அதுதான். கௌல்ஸின் கட்டுரை அந்த விவரங்களைத் தந்தது. நம் செய்திகள் தரவில்லை.

காவல் நிலையங்களுக்கு ஒரு வார்த்தை. புகாரோடு வரும் முதியவரிடம் 'ஏன் அனுப்பினீங்க, யாரைக் கேட்டு அனுப்பினீங்க' என்று தொடங்கும் விசாரணை நிற்க வேண்டும். எல்லை எங்களுடையது இல்லை என்று இன்னொரு நிலையத்துக்கு அனுப்புவதும் நிற்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவலைப் பதியலாம் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் அது சட்டம்.

வங்கிகளிடம் வருவோம். பறிகொடுத்தவரை நோக்கி எல்லா விரல்களும் நீளும்போது நிம்மதியாக ஒதுங்கி நிற்பவர்கள் இவர்கள்தான். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் எடுத்தாலோ போட்டாலோ வங்கி அரசுக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். 1970ஆம் ஆண்டின் வங்கி ரகசியச் சட்டத்திலிருந்து வந்த விதி. ஆக, பெரிய ரொக்கம் நகர்வதைக் கவனிக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது, அரசுக்காக. வாடிக்கையாளருக்காக? கௌல்ஸிடம் கட்டுக்கட்டாகப் பணத்தைத் தந்தபோது, மோசடி எச்சரிக்கை அச்சிட்ட ஒரு தாளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். நடுங்கிக்கொண்டிருக்கும் மனிதர் கையில் தாளைத் திணித்தால் கடமை முடிந்துவிட்டதா?

நம் வங்கிகளின் நிலை இன்னும் மோசம். நீண்டகால வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே உடைத்து, வேற்று மாநிலத்தில் இருக்கும் முகம் தெரியாதவரின் கணக்குக்கு ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் அனுப்ப வரும் எழுபது வயதுக்காரரின் படிவத்தில் முத்திரை குத்தி அனுப்பிவிடுகிறார்கள். முடியாது என்பதில்லை. 2024இல் ஹைதராபாத்தில் ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றின் ஊழியர்கள், அவசரமாகப் பணம் எடுக்க வந்த முதியவரைத் துருவிக் கேட்டு 13 லட்சம் ரூபாயைக் காப்பாற்றினார்கள். அந்தக் கிளையால் முடிந்தது மற்றவற்றால் ஏன் முடியவில்லை? திருடிய பணம் வந்து விழும் வாடகைக் கணக்குகளைத் திறந்து கொடுப்பதும் வங்கிகளே. இவற்றைக் கண்டறிய ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையமே ஒரு கருவியை உருவாக்கியிருக்கிறது. டிஜிட்டல் அரெஸ்ட் வழக்கைத் தானாக முன்வந்து எடுத்த உச்ச நீதிமன்றம், 2025 டிசம்பர் 1 அன்று விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தபோது வங்கி அலுவலர்களின் பங்கையும் விசாரிக்க வழிவிட்டது. நீதிமன்றத்தின் பார்வை சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. மக்களின் பார்வையும் அங்கே திரும்ப வேண்டும்.

பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவர்களுக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் ஈடு தந்தாக வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி ஏற்க வேண்டும். சிங்கப்பூரில் 2025 ஜூலை முதல், ஏமாறுகிறோம் என்பதை நம்ப மறுத்து மேலும் பணம் அனுப்ப முனைபவரின் கணக்கைக் காவல் துறையே தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். அங்கெல்லாம் பறிகொடுத்தவரை அரசு மடையர் என்று பார்க்கவில்லை, பாதுகாக்கப்பட வேண்டியவர் என்று பார்க்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையோ வாடிக்கையாளர் அறியாமல் நடந்த பரிவர்த்தனைக்கே பாதுகாப்புத் தந்தது. மிரட்டலுக்குப் பணிந்து தன் கையால் அனுப்பியவர் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றார். கழுத்தில் கத்தி வைத்துக் கையெழுத்து வாங்கினால் அந்தப் பத்திரம் செல்லாது. கேமராவில் போலிச் சீருடையைக் காட்டிப் பணம் வாங்கினால் மட்டும் அது சம்மதமா?

எனவே சொல்கிறோம். ஓர் எழுத்தாளர் தன் இழப்பை எழுதியதற்காக அவருடைய பிழைப்பைப் பறிக்கச் சொன்னவர்கள் அந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். நிதிப் பத்திகளை வெளியிடும் இதழ்கள், இங்கும் அங்கும், இப்படி முன்வரும் எழுத்தாளர்களின் பக்கம் நிற்க வேண்டும். தமிழ் ஊடகங்கள் மோசடிச் செய்தியில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை மறைத்து, குற்றம் நடந்த முறையையும் பணம் போன பாதையையும் எழுத வேண்டும். 1930 என்ற எண் அந்தச் செய்தியின் முதல் பத்தியிலேயே வர வேண்டும். வீட்டில் பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்ல வந்தால் பிள்ளைகள் முதலில் அந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும், கேள்விகள் பிறகு. தன் கையால் அனுப்ப வைக்கப்பட்ட பணத்துக்கும் வங்கிகள் பொறுப்பேற்கும்படி ரிசர்வ் வங்கி தன் விதியைத் திருத்த வேண்டும். முதியவர்களின் வைப்புத்தொகை முன்கூட்டியே உடைக்கப்பட்டு அறிமுகமில்லாத கணக்குக்குப் போகும்போது, குடும்பத்தினர் ஒருவரிடம் பேசி உறுதிசெய்யும் வரை ஒரு நாளாவது அதை நிறுத்திவைக்கும் பொறுப்பு கிளை மேலாளருக்கு இருக்க வேண்டும். தவறினால் அந்த இழப்பு வங்கியின் கணக்கில் எழுதப்பட வேண்டும்.